கல்லைக் கண்டோம், கையைக் கண்டோமா?

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளந்தோழர் சிலருடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். செங்கற்பட்டில் தொடர்வண்டியை விட்டு இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் பயணம். வழியிலேயே தொடங்கிவிட்டது கதை! "அதோ, அந்த மலை உச்சிக்குத்தான் நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வரும். காசியிலே நீராடி, இராமேசுவரத்திலே வழிபட்டு, நடுவில் இங்கே உணவருந்திப் போகும். அவை கழுகுகள் அல்ல, சாபம் பெற்ற முனிவர்கள்" என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் தம் பேரனுக்குக் கூறிக்கொண்டு வந்தார். பேரன் கேட்டான்: "இப்போதும் வருமா, தாத்தா?" பெரியவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தார், விடை கூறவில்லை. கழுகுகள் வருவது 1990களோடு நின்றுபோயிற்று. கதை வருவது மட்டும் நிற்கவில்லை!

மாமல்லபுரம் சென்றடைந்தோம். திருவிழாக் கூட்டம். வடபுலத்தாரும் வெளிநாட்டாரும், பள்ளிப் பிள்ளைகளும் புதுமணத் தம்பதிகளும், சங்கு விற்போரும் பாசிமணி விற்போருமாகத் தெரு நிறைந்திருந்தது. நாள் முழுதும் உளியோசை ஓயாத சிற்பக் கூடங்கள் ஒருபுறம். ஓயாத அலையோசை மறுபுறம். உயிர்த்துடிப்புள்ள ஊர், ஐயமில்லை. 1984ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஊர். 2021-22ஆம் ஆண்டில், நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் நினைவுச் சின்னங்களுள், தாஜ்மகாலைவிட மிகுதியான வெளிநாட்டாரை ஈர்த்த ஊர். உலகமே வந்து பார்க்கிறது. பார்க்க வந்த உலகத்துக்கு நாம் எதைச் சொல்லி அனுப்புகிறோம்? அதுதான் நம் கேள்வி.

ஐந்து இரதங்கள் என வழங்கும் இடத்தில் ஒரு வழிகாட்டி, சுற்றி நின்ற நாற்பது பேருக்கு விளக்கம் தந்துகொண்டிருந்தார். "இது தருமருடையது, இது பீமனுடையது, அது அருச்சுனனுடையது, இந்தச் சிறியது திரௌபதியுடையது. வனவாசத்தின்போது பாண்டவர்கள் இங்கே தங்கியிருந்தார்கள்." நாற்பது தலைகளும் அசைந்தன. ஒரு பள்ளிச் சிறுமி தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டாள், தோழர்களே! அந்தக் குறிப்பேடு நாளை வகுப்பறைக்குப் போகும். மறுநாள் அவள் மகளுக்குப் போகும். பொய்க்கு இவ்வளவு எளிதாக வாரிசு கிடைக்கிறது.

உண்மை என்ன? அவை இரதங்களும் அல்ல. பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்பும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தர் காலத்தில், ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய கோயில் வடிவங்கள் அவை. தருமராசருடையது என்று இன்று பெயர் சூட்டப்பட்டுள்ள மூன்றடுக்குக் கோயிலின் உடலெங்கும் பல்லவ மன்னரின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திரௌபதியின் பெயரால் வழங்கும் சிறு கோயிலின் உள்ளே நிற்பவள் திரௌபதி அல்லள், கொற்றவை. வேலை முடியாமலே நின்றுபோன கட்டடங்கள் அவை. அடிப்பகுதியில் இன்றும் கரடுமுரடாய் நிற்கும் பாறை அதற்குச் சான்று. கல்லே சாட்சி சொல்கிறது. ஆயினும் கல்லின் சொல்லைக் கேட்பாரில்லை. கதையின் சொல்லுக்கே காது திறக்கிறது!

ஊரின் பெயரையே பாருங்கள். மாமல்லன் என்பது 630 முதல் 668 வரை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் விருதுப் பெயர். மாமல்லன் புரம் மாமல்லபுரம். மன்னன் பெயர் மறைந்து, மாவலியின் பெயர் ஒட்டி, மகாபலிபுரம் ஆயிற்று. உலக மரபுப் பட்டியலிலும் இன்றுவரை அந்தப் பெயரே நிற்கிறது. வரலாற்றை வெளியேற்றிவிட்டுப் புராணம் குடியேறும் வழக்கத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

"பெயரில் என்ன இருக்கிறது? மக்கள் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள், விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. விட்டுவிடலாம், பெயரோடு போவதாயிருந்தால்! பெயரோடு போகவில்லையே! திரௌபதியுடையது என்று சொன்ன நொடியிலேயே, பார்ப்பவன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். அந்தச் சிறு கோயிலின் கூரையை அவன் காண்பதில்லை. அது என்ன கூரை தெரியுமா? வளைந்து சரியும் கூரைவேய்ந்த குடிசையின் கூரை! ஓலையும் மூங்கிலும் கொண்டு உழைப்பாளி தனக்குக் கட்டிக்கொண்ட குடிலைப் பார்த்து, அதன் வடிவைக் கருங்கல்லில் வடித்தார்கள். அரசன் எழுப்பிய கோயிலுக்கு ஏழையின் குடிசை மாதிரியாக நின்றது! இந்த உண்மையை அந்தச் சிறுமியின் குறிப்பேட்டில் எழுத வைத்திருந்தால், அவள் தன் தெருவிலுள்ள கூரை வீட்டை வேறு கண்ணால் பார்த்திருப்பாளே! அதைத் தடுத்தது எது? கதை.

அருச்சுனன் தவம் என்று பெயர் பெற்ற பெரும் பாறைச் சிற்பத்துக்கு வந்தோம். ஏறக்குறைய 100 அடி நீளம், 40 அடிக்கு மேற்பட்ட உயரம். அருச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் வாதிடட்டும். அது அவர்கள் வேலை. நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. யானைக் கூட்டத்தின் அருகே ஒரு பூனை! பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கி, மேலே தவம் செய்யும் முனிவனைப் போலவே தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், நம்பிக்கையோடு! பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், ஊர் பேர் தெரியாத ஒரு சிற்பி, வேந்தன் முன்னிலையில், முனிவர்களுக்கு நடுவில், போலித் தவத்தைக் கேலி செய்து உளியால் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். முதலாம் மகேந்திரவர்மனே காபாலிகரையும் துறவிகளையும் எள்ளி நகையாடும் மத்தவிலாசம் என்னும் நாடகத்தை எழுதியவன்தானே! ஏமாற்றுவோரைச் சிரித்துத் தோலுரிக்கும் துணிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று. வழிகாட்டி அந்தப் பூனையைக் காட்டினார். "குழந்தைகளுக்கு வேடிக்கை" என்று சொல்லி நகர்ந்தார். வேடிக்கையா அது? எலிகளுக்கு எழுதிய எச்சரிக்கை அல்லவா!

இனி, அந்த உளியைப் பிடித்த கைக்கு வருவோம். முடியாமல் நின்ற குகைகளைச் சென்று பாருங்கள். பாறை முகத்தில் முதலில் சதுரம் சதுரமாகக் கோடு போடுகிறார்கள். கோடுகளை ஆழமாக வெட்டுகிறார்கள். நடுவில் நிற்கும் கட்டிகளைத் தகர்த்தெடுக்கிறார்கள். ஒரு விரற்கடை உள்ளே போவதற்குள் உளி மழுங்குகிறது. மழுங்கிய உளியைக் கொல்லன் உலையிலிட்டுக் கூராக்கித் தருகிறான். மறுபடியும் அடி, மறுபடியும் மழுங்கல், மறுபடியும் உலை. தவறி ஒரு சில்லுப் பெயர்ந்தால் ஒட்ட வழியில்லை. யானையின் காது போனால் போனதுதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் கண்டதாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிலே பெருமை கொண்டான். உண்மைதான், ஆனால் வியர்வையின்றிக் கண்டதாக அவனால் எழுத முடியவில்லை!

அந்த வியர்வைக்குப் பெயர் உண்டா? உண்டு! மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரி என்னும் ஊரில், நொண்டி வீரப்பன் தொட்டி என்று மக்கள் வழங்கும் பாறைப்பகுதியில், பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகின்றன அவை. இங்கே வேலை செய்த சிற்பியரின் பெயர்கள் என்று அறிஞர்கள் கொள்கின்றனர். விருதில்லை, மெய்க்கீர்த்தி இல்லை, வெறும் பெயர். தச்சனோடு கொல்லனும் நிற்கிறான், உளியைக் கூராக்கியவன்! எகிப்தின் கூம்பகங்களுக்கு நிகராக உலகம் வியக்கும் ஓர் ஊரில், கட்டியவனின் பெயரே கல்லில் கிடைக்கிறது. அதைப் பார்க்க எத்தனை பேருந்துகள் பூஞ்சேரியில் நிற்கின்றன? பீமன் பெயர் பிள்ளைக்கும் தெரியும். குணமல்லன் பெயர் பட்டதாரிக்கும் தெரியாது. வராதவனுக்கு விழா, வந்து உழைத்தவனுக்கு மறதி. இதுதான் நீதியா?

கடற்கரையும் பழஞ்சின்னமும் பயணிகள் கூட்டமும் உலகில் நமக்கு மட்டும் உரியவை அல்ல. பிற நாட்டார் என்ன செய்கின்றனர் என்று பார்ப்போம். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலை நோக்கி நிற்கும் அயர்லாந்தின் கரையில் கால்வே என்றொரு நகரம் இருக்கிறது. பாட்டும் கூத்தும் மாணவர் கூட்டமும் மலிந்த நகரம். 2020இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கியது. அதன் விரிகுடா வாயிலில் அரன் தீவுகள் மூன்று: இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர். பயணிகள் படகேறிச் சென்று காணும் பழந்தீவுகள் அவை. சுண்ணாம்புப் பாறைதான் தரை. மண் இல்லை. அந்த மக்கள் கடல் மணலையும் கடற்பாசியையும் முதுகிலே சுமந்து வந்து, பாறைமேல் பரப்பி, மண்ணை உண்டாக்கி, உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். காற்று அந்த மண்ணைக் கொண்டுபோகாதிருக்கக் கல் கல்லாக அடுக்கி மதில் வைத்தார்கள். மரச் சட்டத்தின்மேல் தார் பூசிய துணியை இழுத்துக் கட்டிய இலேசான படகிலே பெருங்கடலில் மீன் பிடித்தார்கள்.

இனிஷ்மோர் தீவின் செங்குத்துப் பாறை விளிம்பில் டூன் ஏங்கஸ் என்னும் கற்கோட்டை நிற்கிறது. அதற்கும் பழங்கதைத் தலைவன் ஒருவனின் பெயர்தான். ஆனால் அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1992 முதல் 1995 வரை அகழ்ந்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்த தடயங்களைக் கண்டறிந்தார்கள். கதையை எரிக்கவில்லை. கதையைக் கதையென்று ஒருபுறம் வைத்தார்கள். வரலாற்றை வரலாறென்று மறுபுறம் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுதான் பகுத்தறிவு. நாம் கேட்பதும் அந்தக் கோட்டைத்தான், வேறொன்றும் இல்லை.

மொழியில் அவர்கள் பட்டதும் நாம் அறியத்தக்கது. ஆங்கில ஆட்சியிலும், 1845 முதல் 1852 வரை வாட்டிய கொடும் பஞ்சத்திலும் ஐரிஷ் மொழி பேசுவோர் இலட்சக்கணக்கில் மாண்டனர்; கப்பலேறினர். பத்து இலட்சம் பேர் இறந்தனர். ஏறத்தாழ அத்தனை பேர் நாட்டை விட்டே வெளியேறினர். எஞ்சிய மொழி, அரன் போன்ற மேற்குக் கரைத் தீவுகளின் ஏழை மீனவர் நாவிலே உயிர் தரித்தது. 1893இல் மொழிக்காகச் சங்கம் கண்டார்கள். 1928இல் கால்வேயில் ஐரிஷ் மொழிக்கென்றே நாடக அரங்கு எழுப்பினார்கள். 1937 அரசியல் சட்டத்தில் அம்மொழியை முதல் ஆட்சிமொழி என்று எழுதினார்கள். ஆயினும் 2022 கணக்கெடுப்பில், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர்தான். சட்டத்தில் எழுதினால் மட்டும் மொழி வாழாது; சந்தையிலும் படகிலும் அடுப்படியிலும் பேசினால்தான் வாழும் என்பதற்கு அது பாடம்.

அவர்களிடத்தும் பொய் உண்டு. அதையும் மறைக்க மாட்டோம். 1934இல் பிளாகர்ட்டி என்னும் அமெரிக்கர் அரன் மனிதன் என்றொரு படம் எடுத்தார். உண்மை வாழ்வைக் காட்டும் படம் என்று உலகம் பாராட்டிற்று. ஆனால் திரையிலே தந்தை, தாய், மகன் என்று தோன்றிய மூவரும் ஒரு குடும்பத்தார் அல்லர். பெரும் சுறாவை ஈட்டியால் வேட்டையாடும் காட்சிக்காக, அந்த மக்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே கைவிட்டு மறந்திருந்த தொழிலை, புதிதாகக் கற்றுக் கொடுத்து நடிக்க வைத்தார்கள். கொந்தளிக்கும் கடல் படத்தில் உண்டு. குத்தகை வாங்கிய நிலக்கிழார் படத்தில் இல்லை! புராணம் மனிதனைத் தெய்வக் கதைக்குப் பின்னால் மறைக்கிறது. பயணிகளுக்கான பகட்டோ மனிதனை அழகிய காட்சிக்குப் பின்னால் மறைக்கிறது. முறை வேறு, மறைப்பு ஒன்றே.

இந்த இரண்டு மறைப்பும் சேர்ந்தே நம் மல்லைக் கரையை மூடியிருக்கின்றன. கடற்கரைக் கோயிலுக்கு முன் நின்று படம் பிடிப்போர் ஆயிரம். அதன் வடக்கே படகை மணலில் ஏற்றிக்கொண்டிருந்த மீனவரிடம் ஒரு சொல் பேசியவர் எத்தனை பேர்? கட்டைகளைக் கட்டிக் கடல் கடந்த அவர்கள் முன்னோர் தந்த கட்டுமரம் என்னும் சொல் இன்று உலக மொழிகளில் உலவுகிறது. ஆங்கிலேயன் அகராதியில் இடம்பெற்ற தமிழனின் கலம், அவன் கரையிலேயே காட்சிப் பொருளாகவும் மதிக்கப்படவில்லை! சங்ககாலத்துப் பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டுத் துறைமுகத்தையும், இரவில் கலங்களுக்கு வழிகாட்டிய விளக்கையும் பேசுகிறது. ஆலயத்தைக் காட்டும் வழிகாட்டிகள், அந்த விளக்கை ஏற்றியவன் கதையைச் சொல்வதுண்டா?

ஊரின் மேற்கே பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. பயணிகள் பாலத்தின் மேலே பாய்ந்து போகிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவன் வெட்டினான்; ஆளுநரான கோமகனின் பெயர் நிலைத்தது. அயர்லாந்திலும் அப்படித்தான்: பஞ்சத்தில் வாடியவர்களைக் கொண்டு சாலைகள் போட்டார்கள், பஞ்சச் சாலைகள் என்றே அவற்றுக்குப் பெயர். அங்கே பெயரிலேனும் பசி நிற்கிறது. இங்கே பெயரில் பக்கிங்காம் நிற்கிறார்!

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கரை வாழ் மக்கள் உயிரையும் உடைமையையும் வாரிக் கொடுத்தனர். மணல் புரண்ட அந்த நாட்களுக்குப் பின்னர், சாளுவன்குப்பத்தருகே பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன; 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லவர் கற்கோயிலுக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கட்டடம் புலப்பட்டது. கடலே ஓர் ஏட்டைப் புரட்டிக் காட்டிற்று. "கடலில் மூழ்கிய ஏழு கோயில்கள், தேவர்களின் பொறாமை" என்று பழங்கதையைத் தூசி தட்டினரே அன்றி, அந்தச் செங்கல்லைச் சுட்டவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டவர் சிலரே.

வடக்கே வடநெம்மேலி. அங்கே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. புற்றுக்குப் பால் வார்ப்பவன் பக்தன். பாம்பின் பல்லிலிருந்து உயிர்காக்கும் மருந்துக்கு வழி செய்பவன் பழங்குடி! அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மசிறீ விருது கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆயினும், விருது இருவர்க்கு. வீடும் நிலமும் கல்வியும் வேண்டி நிற்பவரோ பல்லாயிரவர்.

இவ்வளவும் ஏன் கூறுகிறோம்? மறைத்தால் என்ன நேரும் என்பதை இந்த ஊரே காட்டிவிட்டது. 2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக் கோயிலொன்றின் அன்னதானப் பந்தியிலிருந்து, நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் விரட்டப்பட்டதாகக் கண்ணீரும் சினமுமாய் முறையிட்டார். தமிழ்நாடே அதைக் கேட்டது. அந்தப் பெண் வாழ்ந்த ஊர் எது தெரியுமா? பூஞ்சேரி! பெருந்தச்சனும் குணமல்லனும் கொல்லனும் தங்கள் பெயரை வெட்டிவைத்த அதே பூஞ்சேரி! கையால் உழைத்தவனின் பெயர் பாறையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஊரில், கையால் மணி கோத்துப் பிழைப்பவளுக்குப் பந்தியில் இடமில்லை என்றார்கள். பதின்மூன்று நூற்றாண்டு இடைவெளி, புறக்கணிப்போ ஒன்றே!

அறநிலையத் துறை அமைச்சர் சென்று அதே பந்தியில் அவரோடு அமர்ந்து உண்டார். முதலமைச்சர் 2021 நவம்பர் 4 அன்று பூஞ்சேரிக்கே சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சான்றிதழ்களும் வழங்கினார். 2022 டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. நன்று. வரவேற்கிறோம். ஆனால், அமைச்சர் வந்து அமர்ந்தால்தான் பந்தியில் இடம் என்றால், அமைச்சர் வராத ஆயிரம் ஊர்களில் என்ன நடக்கும்? சட்டம் இலையைப் போடும். மனம் மாறினால்தான் சோறு விழும்.

அந்த மனத்தை எது கெடுக்கிறது? மனிதரைக் காணாதிருக்கப் பழக்குவது கெடுக்கிறது. கோயிலைப் பார், கட்டியவனைப் பார்க்காதே. கடலைப் பார், மீனவனைப் பார்க்காதே. பாசிமணியைப் பார், கோத்தவளைப் பார்க்காதே என்று சிறுவயது முதல் பழக்கினால், பந்தியிலும் அவன் அவளைப் பார்க்க மாட்டான். புராணப் பெயர் பொழுதுபோக்கு அன்று. கண்ணுக்குக் கட்டும் துணி.

நம்மவரிடமும் இரண்டு தவறுகள் உண்டு; சொல்லாதிருப்பது நேர்மையாகாது. "கோயில்தானே, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒதுங்கும் தோழர்கள் சிலர். ஒதுங்கினால் யாருக்கு இலாபம்? நாம் காலி செய்த இடத்தில் கதை சொல்பவன் வந்து நிற்பான். வணங்க வேண்டாம், அறிய வேண்டாமா? அது தெய்வத்தின் வீடாக இருக்கலாம், நம்புகிறவனுக்கு. நமக்கு அது தொழிலாளியின் கையெழுத்து.

மற்றொரு தவறு இதனினும் இனியது. ஆகவே இதனினும் கெட்டது. பாண்டவரை இறக்கிவிட்டுப் பல்லவரை ஏற்றி வைப்பது! "எங்கள் மன்னன், எங்கள் பொற்காலம்" என்று மார்தட்டுவது! பல்லவன் வாதாபியை வென்றான். எரிந்த வீடுகளில் இருந்தவர் யார்? பல்லவன் வடமொழியில் விருதுப் பெயர்களைப் பொறித்தான்; வேதியர்க்கு ஊர் ஊராக நிலம் வழங்கினான்; அந்த நிலத்தை உழுதவர் யார்? புராணப் பெருமையை விலக்கிவிட்டு அரச பெருமையைக் கும்பிடுவது, பழைய விலங்கைக் கழற்றிப் பொன்முலாம் பூசிய விலங்கைப் பூட்டிக்கொள்வதாகும். நாம் கேட்பது வேறொரு மன்னனை அல்ல, மறைந்துபோன மனிதனை.

அதனால் என்ன செய்ய வேண்டும்? அரசுக்கும் தொல்லியல் துறைக்கும் கூறுகிறோம்: ஐந்து தேர்களுக்கு முன்னே, "இப்பெயர்கள் பிற்கால வழக்கு, பாண்டவர்க்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை" என்று, நடந்து போகிறவன் கண்ணில் படும் பெரிய எழுத்தில், நல்ல தமிழில் எழுதி வையுங்கள். பூஞ்சேரிப் பாறையைப் பார்வையிடத்தின் முதற்படியாக்குங்கள்; பயணம் சிற்பியின் பெயரிலிருந்து தொடங்கட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளையும் சிற்பியர் வீட்டுப் பிள்ளைகளையும் இருளர், நரிக்குறவர் இளைஞர்களையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்குங்கள். தம் ஊரின் கதையைத் தாமே சொல்லும் உரிமையும் ஊதியமும் அவர்க்குக் கிடைக்கட்டும். 1957 முதல் சிற்பக்கலை கற்பிக்கும் கல்விக்கூடம் அதே ஊரில் இருக்கிறது. அதன் முதல்வராக விளங்கிய கணபதி ஸ்தபதியின் கைத்திறன்தான் குமரிமுனையில் 133 அடி வள்ளுவராக எழுந்து நிற்கிறது. உளியின் வரலாற்றைச் சொல்ல ஊரிலே ஆளில்லை என்று எவரும் கூற முடியாது.

இளந்தோழர்களுக்கும் ஒரு சொல். மாமல்லபுரம் போகும்போது, வந்த வழியை மறவாதீர். செங்கற்பட்டில் இறங்குகிறீர்களே, 1929 பிப்ரவரியில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிய ஊர் அது. பெயருக்குப் பின்னே ஒட்டிய சாதிப் பட்டத்தை உதறுவோம் என்றும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானம் செய்தார்கள். பெயரின் வாலை வெட்டியவர்களின் வழிவந்த நாம், கல்லின்மேல் ஒட்டியிருக்கும் பொய்ப்பெயரைக் கண்டும் காணாமல் போகலாமா?

போங்கள், கூட்டமாகப் போங்கள். தம்பி தங்கைகளை அழைத்துப் போங்கள். தவப் பூனையைக் காட்டிச் சிரியுங்கள். ஏன் சிரிக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். குடிசைக் கூரையைக் காட்டுங்கள். கரையிலே வலை பின்னுபவரிடம், "ஐயா, இன்று கடல் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். மணி விற்கும் தாயிடம் விலை மட்டும் பேசாதீர், பேர் கேளுங்கள். "பாண்டவர்கள் தங்கினார்கள்" என்று எவரேனும் தொடங்கினால், சண்டை வேண்டாம்; ஏளனம் வேண்டாம். "எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, அண்ணே?" என்று அமைதியாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

நாங்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குறிப்பேடு வைத்திருந்த அந்தச் சிறுமியைப் பேருந்து நிறுத்தத்தில் மறுபடியும் கண்டோம். எங்களுள் ஒரு தோழர், அவள் ஆசிரியையின் இசைவோடு, பூஞ்சேரிப் பெயர்களைச் சொன்னார். அவள் பாண்டவர் ஐவரை அடிக்கவில்லை. அவர்களுக்குக் கீழே, கொட்டை எழுத்தில், "கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்" என்று எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "இவங்க வீடு எங்கே இருந்தது?"

தோழர்களே, எந்தப் பலகையும் எழுப்பாத கேள்வி அது. விடை தேடுவது நம் கடன்.